காலடிகளின் பாத்தியதை
ஓரிகன் கடற்கரையும் பொது உரிமையும்: ஓர் ஆய்வு

அமெரிக்காவின் மேற்குக் கரையில், ஓரிகன் மாநிலத்தின் வடகோடிக்கு அருகே கேனன் பீச் என்றொரு சிற்றூர் இருக்கிறது. ஊரின் வடக்கு முனையில் பிரியும் குறுகிய சாலை, சிட்கா ஸ்புரூஸ் மரங்கள் நெருங்கி நிற்கும் காட்டுக்குள் வளைந்து வளைந்து ஏறும். பாசி படர்ந்த அடிமரங்களும் பெரணிப் புதர்களும் இருபுறமும் இருட்டிக்கொண்டு வரும். சட்டென்று காடு விலகும் இடம்தான் ஈகோலா மாநிலப் பூங்காவின் முனை. அங்கே நின்று தெற்கே பார்த்தால் பிறைபிறையாக மணற்கரை. அதன் நடுவே 72 மீட்டர் உயரத்தில் ஹேஸ்டாக் பாறை. வைக்கோற்போரைப் போல் குவிந்திருப்பதால் வந்த பெயர் அது. வடமேற்கே, கடலுக்குள் ஏறத்தாழ 2 கி.மீ. தள்ளி, தனிப்பாறை ஒன்றின் மேல் டில்லமுக் கலங்கரை விளக்கம் நிற்கிறது. 1881இல் ஏற்றிய விளக்கை 1957இல் அணைத்துவிட்டார்கள்.

பூங்காவுக்குள் வண்டியில் வருகிறவர் நிறுத்தக் கட்டணம் கட்ட வேண்டும். கீழே தெரிகிற மணலில் நடப்பதற்கோ யாருக்கும் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. வடக்கே கொலம்பியா ஆற்றின் முகத்துவாரத்திலிருந்து தெற்கே கலிபோர்னியா எல்லைவரை ஏறத்தாழ 580 கி.மீ. நீளத்துக்கு, மணல் இருக்கும் இடமெல்லாம் எவரும் நடக்கலாம், உட்காரலாம், பிள்ளைகளை விளையாட விடலாம். கரையோரம் கோடிகள் பெறும் வீடுகள் நிற்கின்றன. அவற்றின் வாசலில் விரிந்து கிடக்கும் மணலில் வேலி கட்ட அந்த வீட்டுக்காரர்களுக்கு உரிமை இல்லை.

இது தானாக அமைந்ததன்று. கடற்கரை எங்கும் பொதுவாகத்தான் இருக்கும் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். அமெரிக்காவின் பல மாநிலங்களில் அப்படி இல்லை. ஓரிகனில் அந்த மணல் எப்படிப் பொதுவாயிற்று, அதைப் பொதுவாக வைத்திருக்க என்ன விலை கொடுக்கப்படுகிறது, பார்க்க வருகிற கூட்டமே அதற்குப் பகையாகிவிடாமல் காப்பது எப்படி என்ற கேள்விகளை ஈகோலாவை நடுவில் வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கல் தந்த அழகு, கல் தரும் ஆபத்து

முதலில் நிலத்தைப் பார்ப்போம். இங்கே கடலுக்குள் நீண்டிருக்கும் கருங்கல் முனைகள் பெரும்பாலும் இந்தக் கரையில் பிறந்தவையல்ல. ஏறத்தாழ 1.5 கோடி ஆண்டுகளுக்கு முன், கிழக்கே நானூறு ஐந்நூறு கி.மீ. தொலைவில் நிலம் பிளந்து எரிமலைக் குழம்பு வெள்ளமாகப் பொங்கியது. பழைய கொலம்பியா ஆற்றின் பள்ளத்தாக்கு வழியே வந்து கடலில் இறங்கிய அந்தக் குழம்பு, கடலடியில் இருந்த மென்மையான சேற்றுப் படிவுகளைத் துளைத்துக்கொண்டு உள்ளே புகுந்து இறுகிப் பசால்ட் கல்லாயிற்று. டில்லமுக் முனையும் ஹேஸ்டாக் பாறையும் அந்த வெள்ளத்தின் எச்சங்கள்.

கடினமான கல் அலைக்கு ஈடுகொடுத்து முனையாக நின்றது. மென்மையான சேற்றுக்கல் கரைந்து வளைகுடாவாயிற்று; வளைவுக்குள் மணல் சேர்ந்தது. முனை, பிறைக்கரை, மறுபடியும் முனை என்று கண்ணைக் கவரும் அந்த ஒழுங்குக்கு இதுவே காரணம். ஆபத்துக்கும் இதுவே காரணம். கனத்த பசால்ட் நெகிழ்ந்த சேற்றுக்கல்லின் மேல் உட்கார்ந்திருக்கிறது. இந்தப் பகுதியில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டரை ஒட்டிய மழை. நீர் உள்ளே இறங்கினால் அடிநிலம் வழுக்கும். 1961 பிப்ரவரியில் ஈகோலாவில் நூறு ஏக்கருக்கும் மேலான நிலம் மெல்ல மெல்லக் கடலை நோக்கிச் சரிந்தது. இன்றும் மழைக்காலத்தில் பூங்காவின் சாலையும் நடைவழிகளும் சரிவால் மூடப்படுவதுண்டு. இந்த இடத்தில் நிலம் என்பதே நிலையான பொருளாக இல்லை. கோடு போட்டு இது உன்னுடையது, அது என்னுடையது என்று பிரிப்பதில் உள்ள சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது.

சாலை என்று சொல்லிக் காத்த மணல்

அமெரிக்கச் சட்டத்தில் கடற்கரையை இரண்டாகப் பார்ப்பார்கள். ஓதம் ஏறி வற்றும் ஈரமணல் ஒன்று. அதற்கு மேலே, பெரும்பாலும் அலை தொடாத காய்ந்த மணல் மற்றொன்று. ஈரமணலுக்கான வழியை 1913இல் ஓரிகன் ஆளுநர் ஆஸ்வால்ட் வெஸ்ட் கண்டார். கடற்கரையைக் காப்போம் என்று சட்டம் கொண்டுவந்தால் நிலம் விற்பவர்களும் வாங்குபவர்களும் எதிர்ப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே கடற்கரையைப் பொதுச்சாலை என்று அறிவிக்கச் செய்தார். அது வெறும் பெயர் சூட்டலும் அன்று. மலைமுனைகளைக் கடந்து போகச் சரியான சாலை இல்லாத அந்தக் காலத்தில், வற்றம் பார்த்து ஈரமணலில் வண்டி ஓட்டுவதுதான் ஊருக்கு ஊர் போகும் வழி. வடகோடியில் உள்ள கிளாட்சாப் மாவட்டக் கரையை 1899இலேயே சட்டமன்றம் அப்படி அறிவித்திருந்தது. வெஸ்ட் அதை மாநிலம் முழுவதற்கும் விரித்தார். சாலையை யாரும் விலைக்கு வாங்க முடியாது அல்லவா!

காய்ந்த மணலைப் பற்றி அந்தச் சட்டம் ஒன்றும் சொல்லவில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அதை யாரும் கவனிக்கவும் இல்லை. 1966 கோடையில் கேனன் பீச்சில் ஒரு மோட்டல் உரிமையாளர் தம் கட்டடத்துக்கு முன்னிருந்த காய்ந்த மணலைக் கடல் ஒதுக்கிய மரக்கட்டைகளால் வளைத்து, தம் விருந்தினர் மட்டுமே உள்ளே வரலாம் என்றார். ஓதம் ஏறும் நேரத்தில் ஈரமணல் இருக்காது. காய்ந்த மணலுக்கும் தடை என்றால் கடற்கரையே இல்லை என்று பொருள். மக்களுக்கு அப்போதுதான் உறைத்தது.

காய்ந்த மணலைக் காக்க அடுத்த ஆண்டு சட்டமன்றத்தில் வந்த மசோதா குழுவில் சிக்கி நின்றது. செய்தி வெளியே பரவியதும் கடிதங்கள் குவிந்தன. ஆளுநர் டாம் மெக்கால் 1967 மே மாதத்தில் அளவைக்காரர்களையும் அறிவியலாளர்களையும் அழைத்துக்கொண்டு ஹெலிகாப்டரில் கடற்கரைக்கே போய் இறங்கினார். பொது உரிமையின் எல்லைக்கோடு எந்த உயரத்தில் விழுந்தால் எவ்வளவு மணல் மக்கள் கையை விட்டுப் போகும் என்பதைப் பத்திரிகைக்காரர்கள் கண்முன் காட்டினார். அதே ஆண்டு ஜூலை 6 அன்று சட்டத்தில் கையெழுத்திட்டார். கடல்மட்டத்துக்கு மேல் 16 அடி உயரம்வரை பொது உரிமை என்று முதலில் வகுத்தார்கள். பின்னர் கரை நெடுக அளந்து, செடிகொடி தொடங்கும் இடத்தை ஒட்டி வரைந்த தாவரக்கோடு 1969இல் சட்டத்தில் ஏறியது. மணலின் உடைமை வீட்டுக்காரரிடமே இருக்கலாம். அதில் நடமாடும் பாத்தியதை மக்களுடையது.

நம் ஊர்ப் பத்திரங்களில் நடைவழிப் பாத்தியதை என்று எழுதுவதைப் பார்த்திருப்போம். நிலம் ஒருவருடையது, அதன் மேல் நடந்து போகும் உரிமை இன்னொருவருடையது. ஓரிகன் மக்களுக்குக் கிடைத்தது ஏறக்குறைய அதுதான், ஒரு மாநிலத்தின் கரை முழுவதற்கும்.

காய்ந்த மணலைப் பற்றிய வழக்கு மாநில உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. 1969இல் தோர்ன்டன் எதிர் ஹே வழக்கில் அது தந்த தீர்ப்பு இந்தக் கதையின் உயிர்நாடி. நெடுங்கால அனுபவத்தால் வரும் பாத்தியதையை நீதிபதிகள் எடுத்துக்கொண்டிருக்கலாம். அப்படிச் செய்தால் ஒவ்வொரு மனைக்கும் தனித்தனியே வழக்காட வேண்டியிருக்கும். ஆகவே ஆங்கிலேயப் பழஞ்சட்டத்தில் இருந்த வழக்காறு என்னும் கோட்பாட்டை எடுத்தார்கள். ஒரு பழக்கம் வழக்காறாக உரிமை பெற வேண்டுமானால் அது நினைவுக்கு எட்டாத தொன்மை உடையதாக இருக்க வேண்டும். இடையறாமல் நடந்திருக்க வேண்டும். சண்டையின்றி அமைதியாக நடந்திருக்க வேண்டும். நியாயமானதாக இருக்க வேண்டும். எல்லை தெளிவாக இருக்க வேண்டும். ஓரிகன் மக்கள் காய்ந்த மணலில் நடந்ததும் உட்கார்ந்ததும் அடுப்பு மூட்டியதும் இந்தச் சோதனைகளில் தேறின. இந்த வழக்காற்றைப் பிற்காலத்தில் மீண்டும் கேள்விக்கு உள்ளாக்கிய வழக்கிலும் 1993இல் மாநில நீதிமன்றம் அதே நிலையில் நின்றது. மேல்முறையீட்டை ஏற்கக் கூட்டரசின் உச்ச நீதிமன்றம் 1994இல் மறுத்துவிட்டது.

இதன் பொருளை நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். மக்கள் நடந்ததால் உரிமை பிறந்தது. காலடியே சாட்சி, காலடியே பத்திரம்.

மற்ற கரைகள்

ஓரிகனின் தனித்தன்மை மற்ற மாநிலங்களோடு ஒப்பிட்டால்தான் விளங்கும். வடக்கே வாஷிங்டன் மாநிலம் ஓதநிலத்தின் பெரும்பகுதியைத் தனியாருக்கு விற்றுவிட்டது. 1971இல்தான் அந்த விற்பனை நின்றது. தெற்கே கலிபோர்னியாவில் ஈரமணல் மட்டுமே எல்லோருக்கும் பொது. 1972இல் மக்கள் வாக்கெடுப்பாலும் 1976இல் கடற்கரைச் சட்டத்தாலும் உருவான ஆணையம், கரைக்குப் போகும் வழிகளை ஒவ்வொன்றாகப் போராடித்தான் திறக்க வேண்டியிருக்கிறது. டெக்சாஸ் 1959இலேயே திறந்த கடற்கரைச் சட்டம் இயற்றியது. ஓரிகனுக்கு முன்மாதிரியாக நின்ற சட்டங்களில் அதுவும் ஒன்று. வடகிழக்கே மேய்ன், மாசசூசெட்ஸ் மாநிலங்களில் நிலை இன்னும் இறுக்கம். 17ஆம் நூற்றாண்டுக் குடியேற்றக் கால ஆணையின்படி ஓதம் வற்றும் எல்லைவரை நிலம் தனியாருடையது. மீன்பிடிக்கவும் பறவை வேட்டையாடவும் படகு செலுத்தவும் மட்டும் பொதுமக்களுக்கு உரிமை. தூண்டிலோடு வருகிறவருக்கு இடம் உண்டு; குழந்தையோடு உலாவ வருகிறவருக்குச் சட்டத்தில் இடமில்லை.

ஒரே நாட்டில், ஒரே மொழி பேசும் சட்டமன்றங்கள், ஒரே வகை மணலுக்கு இத்தனை வேறுபட்ட விதிகளை எழுதியிருக்கின்றன. கடற்கரை பொதுவாக இருப்பது இயற்கையின் ஏற்பாடு என்ற நம் எண்ணத்தைத் தகர்க்க இதற்குமேல் சான்று வேண்டாம்.

யாருடைய வழக்காறு?

இந்த வெற்றியின் அடியில் ஒரு பெரிய அநீதி புதைந்து கிடக்கிறது. அதைச் சொல்லாமல் ஓரிகன் கடற்கரையைப் புகழ்வது முறையாகாது.

1806 ஜனவரியில், லூயிஸ் – கிளார்க் ஆய்வுப் பயணக் குழுத் தலைவர்களில் ஒருவரான வில்லியம் கிளார்க், கரையில் ஒதுங்கிய திமிங்கிலம் ஒன்றைப் பற்றிக் கேள்விப்பட்டு டில்லமுக் முனையை ஏறிக் கடந்து வந்தார். குழுவோடு நெடுந்தூரம் நடந்து வந்தும் கடலை இன்னும் காணாத சகாஜவியா என்ற ஷோஷோனி இனப் பெண், தானும் வந்தே தீருவேன் என்று கேட்டுச் சேர்ந்துகொண்டார். அவர்கள் வந்து சேர்ந்தபோது திமிங்கிலம் எலும்புக்கூடாகியிருந்தது. அங்கு வாழ்ந்த டில்லமுக் மக்கள் கொழுப்பை உருக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களிடமிருந்து கிளார்க் ஏறத்தாழ 300 பவுண்டு கொழுப்பும் சிறிது எண்ணெயும் வாங்கிக்கொண்டு திரும்பினார். அங்கிருந்த ஓடைக்குத் திமிங்கிலத்தைக் குறிக்கும் சினூக் மொழிச் சொல்லைப் பெயராக வைத்தார். அதுதான் ஈகோலா.

இந்தக் கரையில் வாழ்ந்த கிளாட்சாப், நெஹேலம் இனத்தாரோடு 1851இல் அரசு ஒப்பந்தங்கள் செய்தது. நாட்டின் செனட் அவற்றை ஏற்றுக்கொள்ளவே இல்லை. நிலம் மட்டும் கைமாறிவிட்டது. அந்த இனத்தாரின் கூட்டமைப்புக்கு இன்றும் கூட்டரசின் அங்கீகாரம் கிடைக்கவில்லை. 1969 தீர்ப்பை இந்த வெளிச்சத்தில் மறுபடி படிக்க வேண்டும். காய்ந்த மணலில் மனிதர் புழங்கிய தொன்மைக்குச் சான்றாக, வெள்ளையர் வந்தபோது பழங்குடி மக்கள் அங்கே அடுப்பு மூட்டிக்கொண்டிருந்ததை நீதிமன்றம் எடுத்துக்காட்டியது. உரிமையின் வேராக அவர்களுடைய அடுப்பு இருக்கிறது. உரிமையாளர் பட்டியலில் அவர்கள் பெயர் தனியாக இல்லை. ஈகோலாவில் இந்தியன் பீச் என்ற பெயர்ப்பலகையைக் கடந்து மணலில் இறங்குகிறவர் இதை நினைத்தபடிதான் இறங்க வேண்டும்.

சுவர் எழுப்பினால் மணல் போகும்

வழக்காறு வாங்கித் தந்த மணல், மணலாகவே இருக்குமா என்பது அடுத்த கேள்வி. கரை அரிக்கப்படும்போது வீட்டுக்காரர் பாறைகளைக் கொட்டித் தடுப்புச்சுவர் கட்டப் பார்ப்பார். சுவர் வீட்டைக் காக்கும். மணற்கரை இயல்பாக உள்நோக்கி நகர்வதற்கு இடமில்லாமல், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் சுவருமாக நெருக்குண்டு ஒடுங்கும். குன்றின் முகத்திலிருந்து உதிர்ந்து கரையை நிரப்பிய மணலும் சுவருக்குப் பின்னால் சிறைப்பட்டுவிடும். சில பத்தாண்டுகளில் நடக்க மணலே இராது. பாத்தியதை காகிதத்தில் மட்டும் இருக்கும்.

ஓரிகனின் நிலப்பயன்பாட்டுக் கொள்கை இதை முன்கூட்டியே உணர்ந்தது. 1977 ஜனவரி 1க்கு முன் கட்டடம் எழும்பிய மனைகளுக்கே தடுப்புச்சுவர் கேட்க உரிமை என்று அது எல்லை வகுத்தது. அதற்குப் பிறகு கட்டியவர்கள் கடலின் நடமாட்டத்தை அறிந்தே கட்டியவர்கள் என்பது அதன் நியாயம். விலக்குக் கேட்டு இன்றும் வழக்குகள் வருகின்றன. வீடு போகும் ஒரு குடும்பத்தின் துயரம் உண்மையானது. அந்த ஒரு வீட்டுக்காக எல்லோருடைய கரையையும் இழப்பதா என்ற கேள்வியும் உண்மையானது. கடல்மட்டம் உயரும் காலத்தில் 1967ஆம் ஆண்டுச் சட்டத்தைவிட இந்த விதிதான் கடற்கரையின் தலையெழுத்தைத் தீர்மானிக்கும் என்பது என் துணிபு.

கடல் போடும் கணக்கு

மனிதர் வரைந்த கோடுகளைப் பார்த்தோம். கடலுக்கும் சில கோடுகள் உண்டு. அவற்றைத் தெரியாமல் இந்தக் கரைக்குப் போவது ஆபத்து.

கோடையிலும் நீரின் வெப்பம் 10 முதல் 13 டிகிரி செல்சியஸ்தான். குளிக்க இறங்குகிறவரின் கைகால் சில நிமிடங்களில் விறைத்துப்போகும். சாதாரணமாக வந்துகொண்டிருக்கும் அலைகளுக்கு நடுவே, முன்னறிவிப்பின்றி ஒரு பேரலை மேலேறிக் காய்ந்த மணல்வரை வந்து ஆளை இழுத்துப்போகும். ஆண்டுதோறும் இதில் உயிர்கள் போகின்றன. கரையில் கிடக்கும் பெரிய மரக்கட்டைகள் அதைவிட மோசம். டன் கணக்கில் எடையுள்ள கட்டையை ஒரு சாண் ஆழ நீர் புரட்டிவிடும். அதன்மேல் ஏறி நிற்கும் குழந்தை அடியில் சிக்கிக்கொள்ளும். கடலுக்கு முதுகு காட்டாதே என்பதே அந்தக் கரையில் பிறந்தவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லும் முதல் பாடம்.

இவற்றைவிடப் பெரிது சுனாமி. 1964 மார்ச்சில் அலாஸ்காவில் நிகழ்ந்த 9.2 அளவு நிலநடுக்கத்தின் அலை இரவில் ஓரிகனைத் தொட்டது. கேனன் பீச்சின் பாலத்தைப் பெயர்த்தது. தெற்கே பெவர்லி பீச் மாநிலப் பூங்காவின் மணலில் முகாமிட்டிருந்த ஒரு குடும்பத்தின் நான்கு குழந்தைகளைக் கொண்டுபோயிற்று. அது தொலைவிலிருந்து வந்த அலை. கரையை ஒட்டியே கடலுக்கடியில் கஸ்கேடியா என்ற பிளவு கிடக்கிறது. ஒரு நிலத்தட்டு இன்னொன்றின் அடியில் நுழையும் இடம் அது. அங்கே கடைசியாகப் பெருநடுக்கம் நிகழ்ந்தது 1700 ஜனவரி 26 இரவு. அதை நாள் குறித்துச் சொல்ல முடிந்ததற்குக் காரணம் ஜப்பானியரின் பழைய பதிவேடுகள். அங்கே நிலம் நடுங்காமலேயே பேரலை வந்தது. பெற்ற தாய் யாரென்று தெரியாத பிள்ளையைப் போல் அது பதிவேட்டில் காத்திருந்தது. அமெரிக்கக் கரையில் திடீரெனத் தாழ்ந்து உப்புநீரில் மூழ்கிச் செத்த மரங்களின் அடித்தண்டுகள் அதற்குத் தாயைக் காட்டின.

தமிழ் வாசகருக்கு இது அயலார் கதையாக இராது. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவின் அருகே நிகழ்ந்ததும் இதே வகை நடுக்கம்தான். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர். நாகப்பட்டினம் மாவட்டம் மட்டும் 6,000 உயிர்களைப் பறிகொடுத்தது. நம் கரைக்கு அலை வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. சொல்லத்தான் யாரும் இல்லை. கஸ்கேடியா அசைந்தால் ஓரிகனுக்குக் கிடைப்பது 15 முதல் 20 நிமிடம். அங்கே நில அதிர்ச்சியே எச்சரிக்கை மணி. நடுக்கம் நின்றதும் எதையும் எடுக்காமல் மேட்டுக்கு ஓட வேண்டும் என்று கரைப் பூங்காக்களில் பலகைகள் நிற்கின்றன. கடற்கரைக்குப் போனவுடன் கடலைப் பார்ப்பதற்கு முன் மேட்டுக்குப் போகும் வழியைப் பார்த்து வைப்பது அங்கே அச்சமன்று, நாகரிகம்.

மிதிபடும் உயிர்கள்

நடக்கும் உரிமை மனிதருக்கு இருக்கிறது. அந்த மணலிலும் பாறையிலும் வாழ்கின்றவற்றின் நிலை என்ன?

ஓதம் வற்றும்போது ஹேஸ்டாக் பாறையின் அடியில் சிறுசிறு குட்டைகள் வெளிப்படும். பச்சைக் கடற்சாமந்திகளும் ஊதாவும் காவியுமான நட்சத்திர மீன்களும் சிப்பிக் கூட்டங்களும் அங்கே குடியிருக்கின்றன. வெறும் கல்போல் தெரியும் வெண்புள்ளிகளும் உயிர்கள்தான். ஆயிரம் பேர் ஒவ்வோர் அடி தவறாக வைத்தால் ஒரு பாறை மொட்டையாகிவிடும். 2013இல் தொடங்கிய ஒரு நோய் மேற்குக் கரை நெடுக நட்சத்திர மீன்களை உருக்குலைத்தது; சூரியகாந்தி நட்சத்திரம் என்ற பெரிய இனத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அழிந்தது. அதற்குக் காரணமான நுண்ணுயிரியை அறிவியலாளர்கள் 2025இல்தான் அடையாளம் கண்டார்கள். பாறையின் மேல் வளை தோண்டிக் கூடு வைக்கும் கொண்டைப் பஃபின் பறவைகளும் குறைந்துவிட்டன. 1988இல் 612 எண்ணப்பட்ட இடத்தில் அண்மை ஆண்டுகளில் நூறை ஒட்டியே தென்படுகின்றன. பாறைமேல் ஏறத் தடை. குட்டைகளைச் சுற்றித் தன்னார்வலர்கள் நின்று, எங்கே கால் வைக்கலாம் என்று காட்டும் ஏற்பாடு 1985 முதல் அங்கே நடக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு வெண்மணல் உப்புக்கொத்தி. கைப்பிடிக்குள் அடங்கும் இந்தச் சிறு பறவை கூடு என்று எதையும் கட்டாது. காய்ந்த மணலில் ஒரு குழி கீறி முட்டையிடும். மணற்குன்றுகளை இறுக்கிப் பிடிக்க ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து நட்ட புல் படர்ந்து அதன் திறந்த மணலைத் தின்றுவிட்டது. நாயும் வண்டியும் மனிதக் காலும் மீதியைக் கெடுத்தன. 1993இல் இது அச்சுறுத்தப்பட்ட இனமாகக் கூட்டரசின் பட்டியலில் ஏறியது. இப்போது மார்ச் 15 முதல் செப்டம்பர் 15 வரை, கூடுவைக்கும் கரைகளில் காய்ந்த மணலைக் கயிறு கட்டி ஒதுக்குகிறார்கள். நாய், வண்டி, பட்டம் எதற்கும் இடமில்லை. நடப்பவர் ஈரமணலோடு போய்விட வேண்டும். பறவைகளின் எண்ணிக்கை மெல்ல ஏறிவருகிறது.

எந்தக் காய்ந்த மணலுக்காக 1967இல் ஒரு மாநிலமே எழுந்து நின்றதோ, அதே காய்ந்த மணலை ஆண்டில் ஆறு மாதம் ஒரு பறவைக்கு விட்டுக்கொடுக்கிறார்கள். மோட்டல்காரருக்கு மறுத்ததைப் பறவைக்குத் தந்தார்கள். உரிமை இருப்பவரால்தான் விட்டுக்கொடுக்கவும் முடியும்.

கூட்டமும் காசும்

ஓரிகன் மாநிலப் பூங்காக்களுக்கு ஆண்டில் 5 கோடி முறைக்கு மேல் மக்கள் வந்துபோகிறார்கள். அழகே சுமையாகிவிடும் எண்ணிக்கை இது. கழிப்பறை, குப்பை, சரிந்த சாலை, உடைந்த கைப்பிடி எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும்.

அந்தப் பணத்தின் வரலாறும் சாலையோடு பிணைந்தது. ஓரிகனின் பூங்காத் துறை நெடுஞ்சாலைத் துறையின் பிள்ளை. 1929 முதல் 1950 வரை பூங்காக்களின் முதல் கண்காணிப்பாளராக இருந்த சாமுவேல் போர்ட்மன், நெடுஞ்சாலைத் துறையின் கீழிருந்தபடியே கரையோர முனைகளை ஒவ்வொன்றாகக் கேட்டும் வாங்கியும் சேர்த்தார். 1930களில் சில குடும்பங்கள் கொடையாகத் தந்த நிலத்தோடு ஈகோலாவும் அப்படித்தான் உருவாயிற்று. பெட்ரோல் வரி பூங்காக்களுக்குச் சோறு போட்டது. 1980இல் அந்த வரி சாலைக்கு மட்டுமே என்று மக்கள் வாக்களித்ததும் பூங்காக்கள் தவித்தன. 1998 வாக்கெடுப்பு லாட்டரி வருவாயில் ஒரு பங்கை ஒதுக்கியது. இன்று லாட்டரிப் பணமும் வருகிறவர் தரும் கட்டணமும்தான் முதன்மையான வருவாய். 5 டாலராக இருந்த வண்டி நிறுத்தக் கட்டணம் 2025இல் ஈகோலா உள்ளிட்ட பல பூங்காக்களில் 10 டாலராயிற்று. மணல் எல்லோருக்கும் பொது என்று சொல்லிவிட்டு மணலுக்குப் போகும் வாசலில் கட்டணத்தை ஏற்றிக்கொண்டே போனால், ஏழைக்கு அந்த உரிமை எட்டாக்கனியாகும். பொது உரிமைக்குப் பொதுப்பணமே சரியான துணை.

கட்டணத்தைவிட எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவது நேர்மையான வழியாகப் படுகிறது. ஹவாய்த் தீவுகளில் கவாயீ தீவின் ஹாஎனா மாநிலப் பூங்காவுக்கு நாளொன்றுக்கு 2,000 பேருக்கு மேல் வந்துகொண்டிருந்தார்கள். 2018 ஏப்ரல் பெருமழையில் சாலை துண்டித்து ஓராண்டுக்கு மேல் மூடிக் கிடந்தது. 2019இல் திறந்தபோது நாளொன்றுக்கு 900 பேர் என்று வரம்பு வைத்தார்கள். வெளியூரார் முன்பதிவு செய்ய வேண்டும். ஹவாய் மக்களுக்கு அது தேவையில்லை. ஊர்க்காரர்களே மேலாண்மையில் கைகோத்திருக்கிறார்கள். கலிபோர்னியாவின் பிக் சர் கரையில் ஜூலியா ஃபைஃபர் பர்ன்ஸ் மாநிலப் பூங்காவோ வேறு வழியில் போயிற்று. அங்கே 24 மீட்டர் உயரத்திலிருந்து ஓர் அருவி கடலில் விழுந்துகொண்டிருந்தது. 1983இல் மலை சரிந்து வந்த மண்ணால் அதன் அடியில் ஒரு புதுக் கடற்கரையே பிறந்தது. அந்த மணலில் யாரும் இறங்கக் கூடாது. மேலிருந்து பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். பார்ப்பதே போதும் என்று சொல்லத்தக்க இடங்களும் உலகில் உண்டு.

போகிறவர் கையில் இருப்பது

இத்தனையையும் தொகுத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. கடற்கரையைச் சட்டம் ஒருமுறை மீட்டுத் தந்தது. நாள்தோறும் காத்துத் தருகிறவர் அங்கே போகிறவர்தான்.

ஈகோலாவுக்குப் போக வாய்ப்புள்ளவர்கள் கூட்டம் குறைந்த மழைக்கால நாளொன்றில், சாலை திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போகலாம். ஓத அட்டவணையைப் பார்த்து, முழு வற்றத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே குட்டைகளுக்குப் போய், நீர் திரும்புவதற்குள் மீள வேண்டும். வெறும் மணலிலும் வெறும் கல்லிலும் மட்டும் கால் வைக்க வேண்டும். குளிர்காலத்திலும் இளவேனிலிலும் முனையில் பொறுமையாக நின்றால், வடக்கும் தெற்குமாகப் பயணம் போகும் சாம்பல் திமிங்கிலங்களின் மூச்சு நீர்த்தூவலாக எழுவதைக் காணலாம். கயிறு கட்டிய மணலை விட்டு ஈரத்தோடு நடக்க வேண்டும். கைகாலில் வலுவில்லாதவர்களுக்காகச் சில கரைகளில் பருத்த சக்கர நாற்காலிகள் கிடைக்கின்றன. அவர்கள் கடலைத் தொடும் நாளில்தான் பொது என்ற சொல் நிறைவு பெறும்.

நீதிமன்றம் வழக்காற்றுக்குச் சொன்ன சோதனைகளில் நான்கை இங்கே மறுபடி நினைக்கலாம். தொன்மை, இடையறாமை, அமைதி, நியாயம். முதலாவதை முன்னோர் ஈட்டித் தந்துவிட்டார்கள்; அவர்களில் முதல்வர்கள் திமிங்கிலக் கொழுப்பை உருக்கிய அந்தப் பழங்குடி மக்கள். மற்ற மூன்றும் இன்று அந்த மணலில் நடப்பவரின் பொறுப்பு. போவதை விட்டுவிட்டால் இடையறாமை போகும். சண்டையும் இரைச்சலுமாகப் போனால் அமைதி போகும். கூட்டையும் குட்டையையும் மிதித்துக்கொண்டு போனால் நியாயம் போகும். காலடியால் பிறந்த பாத்தியதை, அந்தக் காலடி எப்படி விழுகிறது என்பதைப் பொறுத்தே நிலைக்கும்.